கே கேம்ஸும் அவுட்கேம்ஸும்: ஒரு கணக்கு வழக்கு

2017 மே 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மியாமி பீச் நகரத்தில் அன்று சாயங்காலம் உலக அவுட்கேம்ஸ் தொடங்கியிருக்க வேண்டும். பத்து நாள் விழா. எல்ஜிபிடி மக்களுக்கான சர்வதேச விளையாட்டுப் போட்டி, கூடவே மனித உரிமை மாநாடு, கலை நிகழ்ச்சி எல்லாம். பல நாடுகளிலிருந்து வீரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். சிலர் ஏற்கெனவே ஓட்டலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அமைப்பாளர்களிடமிருந்து அறிவிப்பு வருகிறது: நிதி நெருக்கடி, தொடக்க விழா கிடையாது, நிறைவு விழா கிடையாது, பெரும்பாலான போட்டிகளும் கிடையாது. கால்பந்து, நீச்சல் வகைகள், கன்ட்ரி வெஸ்டர்ன் நடனம் என ஒரு சில மட்டும் நடக்கும்.

யோசிச்சுப் பாருங்க. விடுமுறை எடுத்து, சொந்தக் காசில் டிக்கெட் போட்டு, ஒரு வருஷம் பயிற்சி செய்து வந்து இறங்கினால், மைதானமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள் என்று சொல்லித்தான் இந்தப் போட்டியைத் திட்டமிட்டிருந்தார்கள். பதிவு செய்திருந்த வீரர்கள் சில நூறு பேர்தான். மியாமி பீச் காவல்துறையும் மாநில வழக்கறிஞர் அலுவலகமும் பணம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதா என்று விசாரிக்கப் போவதாக உடனே அறிவித்தன. வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காக உள்ளூர்க்காரர்கள் தங்களால் முடிந்த போட்டிகளை அவசரமாக ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியைப் படிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, "யாரோ பணத்தை அமுக்கிட்டாங்க" என்பதுதான். விசாரணை என்று அறிவித்தால் அது இயல்பு. ஆனால் விசாரணை வேறு, குற்றம் வேறு. அதைவிட முக்கியமாக, இந்த வகைப் போட்டிகளின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆம்ஸ்டர்டாம் 1998, சிட்னி 2002, மாண்ட்ரியல் 2006, மியாமி 2017. வேறு வேறு கண்டம், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு சட்டம். முடிவு மட்டும் ஒரே மாதிரி: கடன். ஒரே பிழை நாலு வேறு சர்வரில் வந்தால் சர்வரைக் குறை சொல்ல மாட்டோம், டிசைனைத்தான் பார்ப்போம். அந்த டிசைன் எப்படி உருவானது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாடெல் என்ற மருத்துவர்

டாம் வாடெல் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய மருத்துவர், டெகாத்லான் வீரர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆறாவது இடம் பிடித்தவர். தன்பாலீர்ப்பாளர். ஒலிம்பிக் மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், தகுதிச் சுற்று கிடையாது, இருபது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் ஓடலாம், ஜெயிப்பதைவிடத் தன்னுடைய சிறந்த ஆட்டத்தை ஆடுவதே பெரிது என்பது அவருடைய எண்ணம்.

1982 ஆகஸ்ட் மாதக் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவின் கீசார் மைதானத்தில் முதல் போட்டி தொடங்கியது. சுமார் 1,350 பேர் கலந்துகொண்டார்கள். தொடக்க விழாவில் டீனா டர்னர் பாடினார். முதலில் வைத்த பெயர் "கே ஒலிம்பிக் கேம்ஸ்". அமெரிக்க ஒலிம்பிக் குழு இதற்கு எதிராக நீதிமன்றம் போனது. ஒலிம்பிக் என்ற சொல்லின் மீது அந்தக் குழுவுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் தனி உரிமை கொடுத்திருந்தது. நாய்களுக்கான ஒலிம்பிக் என்று பெயர் வைத்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவர்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று வாடெல் தரப்பு கேட்டது. போட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில் தடை உத்தரவு வந்தது. அச்சடித்து வைத்திருந்த சுவரொட்டிகளில், சட்டைகளில் எல்லாம் அந்தச் சொல்லை அடிக்க வேண்டியதாகிவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 ஜூன் 25 அன்று ஒலிம்பிக் குழு ஜெயித்தது. அதற்குள் வழக்குச் செலவுக்காக வாடெலின் வீட்டின் மீதே ஒலிம்பிக் குழு உரிமை கோரியிருந்தது. தீர்ப்பு வந்து இரண்டு வாரம் கழித்து, ஜூலை 11ஆம் தேதி, வாடெல் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார்.

இந்தக் கதையை நான் இங்கே சொல்வது உருக்கத்துக்காக மட்டும் இல்லை. கணக்குக்கும் இது தேவை. ஒலிம்பிக் என்ற பெயர் பறிபோனதோடு அந்தப் பெயரோடு வரும் பணமும் இல்லை என்றானது. உண்மையான ஒலிம்பிக்கின் பெரிய வருமானம் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை. கே கேம்ஸ் போட்டியை எந்தத் தொலைக்காட்சியும் கோடி கொடுத்து வாங்காது. யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்ற விதி மனசுக்கு நிறைவானது, ஆனால் ஐம்பது வயதுக்காரர்களின் ஓட்டப் பந்தயத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கக் கூட்டம் வராது. பார்வையாளர்கள் என்றால் பெரும்பாலும் வீரர்களின் துணையும் நண்பர்களும்தான்.

அப்போ பணம் எங்கிருந்து வரும்? ஓட வருகிறவரே கட்ட வேண்டும். பதிவுக் கட்டணம், விழா டிக்கெட், பார்ட்டி டிக்கெட், சட்டை விற்பனை. இதோடு ஸ்பான்சர், நகராட்சி மானியம். இதில் முக்கால்வாசி ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குகிறது: எத்தனை பேர் வருவார்கள்?

எண்ணிக்கை ஏறிய காலம்

முதல் சில போட்டிகளில் இந்த எண் ஏறிக்கொண்டே போனது. 1982இல் 1,350. 1986இல், மறுபடி சான் பிரான்சிஸ்கோவில், சுமார் 3,500. 1990இல் கனடாவின் வான்கூவரில் 7,000ஐத் தாண்டியது. 1994இல் நியூயார்க்கில் சுமார் 11,000. ஸ்டோன்வால் எழுச்சியின் இருபத்தைந்தாம் ஆண்டு என்பதால் ஊரே திரண்டது, நிறைவு விழா யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் எட்டு மடங்கு. இந்த வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் கை தானாகக் கோட்டை மேலே நீட்டத்தான் தோன்றும். அடுத்தது 15,000, அதற்கடுத்தது 20,000 என்று. இங்கேதான் வினை.

1998இல் போட்டி முதல் முறையாக வட அமெரிக்காவை விட்டு வெளியே, ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. புத்தம் புது ஆம்ஸ்டர்டாம் அரீனாவில் தொடக்க விழா. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். போன பலர் அதுதான் தங்கள் வாழ்க்கையின் சிறந்த வாரம் என்று இன்றும் சொல்வார்கள். அதே வாரத்தில் உள்ளே கணக்குப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் இல்லை. கையில் இருக்கும் பணம் போதாது என்பது வெளியே வந்தது, கடைசியில் நகராட்சி உள்ளே வந்து கைகொடுத்துத்தான் போட்டி முடிந்தது.

2002 நவம்பர், சிட்னி. கே.டி.லாங் பாடினார். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்ற நீதிபதி மைக்கேல் கிர்பி தொடக்க விழாவில் பேசினார். பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி அங்கே நின்று பேசியது சாதாரண விஷயம் இல்லை. சுமார் 11,000 பேர் கலந்துகொண்டார்கள். முடிந்த பிறகு பார்த்தால் 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பற்றாக்குறை. அமைப்பு நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது.

சிட்னிக்கு நேரமும் சரியில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நீண்ட தூர விமானப் பயணம் குறைந்தது, காப்பீட்டுச் செலவு ஏறியது. அதே செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் விமான நிறுவனம் மூழ்கியது. போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் பாலியில் குண்டு வெடித்தது. அதே 2002இல் சிட்னியின் புகழ்பெற்ற மார்டி கிரா ஊர்வலத்தை நடத்திய நிறுவனமும் கடனில் விழுந்து, வேறு அமைப்பு அதைக் கையில் எடுக்க வேண்டி வந்தது. அதிர்ஷ்டக் குறைவு உண்மைதான். ஆனால் ஒரு சறுக்கலைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு ஒரு பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், அதிர்ஷ்டத்தை மட்டும் திட்டிப் பயன் இல்லை.

ஒரு சின்ன கணக்கு

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தப் போட்டியின் உண்மைக் கணக்கும் இல்லை, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஒருவரிடமிருந்து சராசரி வருமானம் 200 டாலர். ஒருவருக்காக நேரடியாக ஆகும் செலவு (அடையாள அட்டை, பதக்கம், பஸ் பாஸ், தண்ணி பாட்டில்) 60 டாலர். மீதி 140. மைதான வாடகை, மேடை, அலுவலகம், சம்பளம், காப்பீடு எல்லாம் யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற நிலையான செலவு. அதை 140ஐ வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

16,000 பேர் வருவார்கள் என்று திட்டமிட்டால் 22 லட்சம் வரை நிலையான செலவு செய்யலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். சரி, வந்தது 11,000 பேர். வருமானம் 22 லட்சம். செலவு நிலையானது 22 லட்சம், ஆட்களுக்கானது 6.6 லட்சம், ஆக 28.6 லட்சம். துண்டு 6.6 லட்சம் டாலர்.

அதே போட்டியை 12,000 பேருக்குத் திட்டமிட்டிருந்தால் நிலையான செலவை 16.8 லட்சத்தில் நிறுத்தியிருப்பார்கள். அதே 11,000 பேர் வந்தால் செலவு 23.4 லட்சம், துண்டு 1.4 லட்சம். கடைசி நேரத்தில் ரெண்டு ஸ்பான்சரைப் பிடித்துச் சமாளித்துவிடலாம்.

கவனிச்சீங்களா? வந்தவர்கள் ரெண்டிலும் அதே 11,000 பேர். யாரும் ஒரு பைசா திருடவில்லை. ரெண்டு வருஷம் முன்னால் ஒரு மீட்டிங்கில் வெள்ளைப் பலகையில் எழுதின எண் மட்டும்தான் வேறு. பெரிய மைதானத்துக்கு முன்பணம் கட்டுவது முதல் வருஷம். வீரர்கள் பதிவு செய்வது கடைசி சில மாதங்கள். நடுவில் உள்ள காலம் முழுக்க நம்பிக்கை என்ற ஒரே முதலீட்டில் ஓடுகிறது.

2006: இரண்டு நகரம், இரண்டு கணக்கு

இந்த எண்ணுக்காகவே ஒரு பெரிய சண்டை நடந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் நடு அத்தியாயம்.

கே கேம்ஸ் உரிமத்தைக் கொடுக்கும் அமைப்பு கே கேம்ஸ் கூட்டமைப்பு, 1989இல் உருவானது. ஒவ்வொரு முறையும் ஒரு நகரத்தில் புதிதாக ஒரு நிறுவனம் உருவாகும், கூட்டமைப்பிடம் உரிமம் வாங்கிப் போட்டியை நடத்தும், முடிந்ததும் கலைந்துவிடும். 2001இல், 2006ஆம் ஆண்டுப் போட்டிக்கு மாண்ட்ரியலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கான பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஆம்ஸ்டர்டாமையும் சிட்னியையும் பார்த்துச் சூடு பட்டிருந்த கூட்டமைப்பு இரண்டு விஷயம் கேட்டது: சுமார் 12,000 பேருக்குத் திட்டமிடுங்கள், உங்கள் கணக்குப் புத்தகத்தை நாங்கள் பார்க்க விடுங்கள். மாண்ட்ரியல் தரப்பு அதைவிட மிகப் பெரிய விழாவாக, மாநாட்டோடு சேர்த்து நடத்த நினைத்தது. எங்கள் ஊரில் எவ்வளவு பெரிதாக நடத்துவது என்பதை வெளியிலிருந்து யாரோ தீர்மானிப்பதா என்ற கோபமும் இருந்தது. 2003 நவம்பரில் பேச்சு முறிந்தது.

மாண்ட்ரியல் தரப்பில் முன்னால் நின்றவர் மார்க் டக்ஸ்பரி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கனடாவுக்கு நீச்சலில் தங்கம் வாங்கியவர். அவர்கள் கலைந்து போகவில்லை. அவுட்கேம்ஸ் என்ற புதுப் பெயரில் அதே 2006இல் போட்டி நடத்துவோம் என்று அறிவித்தார்கள், அதற்கென ஒரு புது சர்வதேச அமைப்பும் உருவானது. கூட்டமைப்பு 2004இல் தன் உரிமத்தை சிகாகோவுக்குக் கொடுத்தது.

விளைவு என்ன? சிகாகோவில் ஜூலை 15 முதல் 22 வரை கே கேம்ஸ். ஒரே வாரம் கழித்து, சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளி, மாண்ட்ரியலில் அவுட்கேம்ஸ். ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு கைப்பந்து அணிக்கு ஒரு விடுமுறை, ஒரு டிக்கெட் காசு. ரெண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இருந்த கூட்டத்தையே ரெண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இரண்டுமே நன்றாக நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் சோல்ஜர் ஃபீல்டில் தொடங்கி ரிக்லி ஃபீல்டில் முடிந்தது, பதினோராயிரத்துக்கு மேல் கலந்துகொண்டார்கள். மாண்ட்ரியல் மாநாட்டில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் லூயிஸ் ஆர்பர் பேசினார். மாண்ட்ரியல் பிரகடனம் என்ற ஆவணம் அங்கேதான் உருவானது, எல்ஜிபிடி உரிமைகள் பற்றிய சர்வதேசப் பேச்சில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த தொடக்க விழாவில் அதை வாசித்தவர்கள் டக்ஸ்பரியும் மார்டினா நவ்ராட்டிலோவாவும். போட்டிகளில் கலந்துகொண்டவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம்.

சிகாகோ நஷ்டம் இல்லாமல் முடித்தது. மாண்ட்ரியலுக்குச் சுமார் 53 லட்சம் கனடா டாலர் துண்டு விழுந்தது, அமைப்பு நிறுவனம் திவாலானது. கூட்டமைப்பு கேட்ட அந்த 12,000 என்ற எண்ணை மறுபடி பாருங்க. ரெண்டு நகரத்திலும் வந்தவர்கள் அதற்குப் பக்கத்தில்தான். ஒருவர் அந்த அளவுக்குச் சட்டை தைத்தார், இன்னொருவர் வளர்ந்துவிடும் என்று பெரிதாகத் தைத்தார்.

திவால் என்றால் யாருக்கு நஷ்டம்? நகராட்சியும் மாகாண அரசும் கொடுத்த பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேடை போட்டவர், ஒலிபெருக்கி கொடுத்தவர், அச்சகக்காரர், கடைசி மாதச் சம்பளம் வராத ஊழியர். கடன்காரர் பட்டியல் என்றால் அதில் கடைசியில் நிற்பது எப்போதும் சின்ன ஆட்கள்தான். இந்த மாதிரி விழாவுக்கு அந்தச் சின்ன ஆட்களில் பலர் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்களாகவும் இருப்பார்கள், நம்ம விழா என்று கடனுக்குக் கொடுத்தவர்களாகவும் இருப்பார்கள்.

அதே மைதானம், இன்னொரு கடன்

"பார்த்தீங்களா, இவங்களுக்கு ஒரு விழாவை ஒழுங்கா நடத்தத் தெரியல" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு தகவல்.

மாண்ட்ரியல் அவுட்கேம்ஸ் தொடங்கிய அந்த ஒலிம்பிக் மைதானம் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. 1976 போட்டிக்குச் சொன்ன மதிப்பீடு சுமார் 31 கோடி கனடா டாலர். ஒலிம்பிக்குக்கு நஷ்டம் வருவதும் ஆண்பிள்ளை பிரசவிப்பதும் ஒன்று, ரெண்டும் நடக்காது என்கிற அர்த்தத்தில் அன்றைய மேயர் ழான் திராப்போ பேசினார். முடிவில் சுமார் 150 கோடி டாலர் கடன். கியூபெக் மாகாணம் சிகரெட்டுக்கு வரி போட்டு அந்தக் கடனை அடைத்தது. அடைத்து முடித்தது எப்போது தெரியுமா? 2006 நவம்பரில். முப்பது வருஷம்! அவுட்கேம்ஸ் வீரர்கள் அங்கே அணிவகுத்து நடந்தபோது, அந்த மைதானத்தின் பழைய கடனே இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

ஆக்ஸ்போர்டில் பெண்ட் ஃபிளிவ்பியாவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், செலவுத் தகவல் கிடைத்த ஒலிம்பிக் போட்டிகள் எல்லாமே மதிப்பீட்டைத் தாண்டியிருக்கின்றன. அதில் 1976 மாண்ட்ரியல் 720 சதவீதம் தாண்டி முதலிடத்தில் நிற்கிறது.

ஆக, வியாதி ஒன்றுதான். பெரிய விழா, நகராத தேதி, கனவு எண். வித்தியாசம் மெத்தையில் இருக்கிறது. ஒலிம்பிக் விழுந்தால் கீழே அரசாங்கம் என்ற மெத்தை இருக்கிறது, சிகரெட் வாங்குகிறவர் முப்பது வருஷம் கட்டுவார். சமூக அமைப்பு விழுந்தால் கீழே சிமெண்ட் தரை. ஒலிம்பிக் நஷ்டத்துக்குப் பெயர் "தேசப் பெருமைக்கான செலவு". இவர்களுடைய நஷ்டத்துக்குப் பெயர் "முறைகேடு". இந்த அநியாயம் உண்மை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு அமைப்பாளர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடவும் எனக்கு மனசு வரவில்லை. மெத்தை இல்லை என்று தெரிந்தவர்தானே கூடுதல் கவனமாகக் குதிக்க வேண்டும்?

மியாமியில் என்ன உடைந்தது

மாண்ட்ரியலுக்குப் பிறகும் அவுட்கேம்ஸ் தொடர்ந்தது. 2009இல் கோபன்ஹேகன், 2013இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப். கே கேம்ஸ் தனியாக 2010இல் ஜெர்மனியின் கோல்ன், 2014இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டும் ஆக்ரனும் என்று போனது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று பல வருஷம் பேசினார்கள், நடக்கவில்லை. ஒரே கூட்டத்தை, ஒரே ஸ்பான்சர்களை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதில் 2014 கிளீவ்லேண்ட் கவனிக்க வேண்டியது. நியூயார்க், ஆம்ஸ்டர்டாம் மாதிரி பளபளப்பான ஊர் இல்லை. உள்ளூரின் பழைய, பெரிய அறக்கட்டளையான கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன் முதன்மை ஸ்பான்சராக நின்றது. சுமார் 8,000 பேர் வந்தார்கள். அங்கே பணம் மிச்சமானது, அதை வைத்து உள்ளூர் எல்ஜிபிடி மக்களுக்கான ஒரு நிதியத்துக்கு உதவினார்கள். கூட்டம் சிட்னியைவிடக் குறைவு, ஆனால் விழா முடிந்து ஊருக்கு ஏதோ மிஞ்சியது.

மியாமி அதற்கு நேர் எதிர். அங்கே பணம் போதாமல் போனதைவிட எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது அறிவிப்பின் நேரம். பதிவு எண்ணிக்கை என்பது கடைசி நாளில் திடீரென்று தெரிய வருகிற தகவல் இல்லை. டேட்டாபேஸில் ஒரு வரி எழுதினால் தினமும் தெரியும். ஆயிரக்கணக்கில் வர வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கிறது என்பது மாதக்கணக்கில் யாரோ ஒருவர் திரையில் இருந்திருக்கும்.

ஆறு மாதம் முன்னால் ரத்து செய்திருந்தால் வீரர்களுக்குப் போவது பதிவுப் பணம், அதிலும் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கும். மூன்று மாதம் முன்னால் என்றால் விமான டிக்கெட்டில் ஒரு பகுதி. கடைசி நாள் என்றால் எல்லாம்: டிக்கெட், ஓட்டல், விடுமுறை, ஒரு வருஷப் பயிற்சி. தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம் அமைப்பாளரின் தோளிலிருந்து வீரரின் தோளுக்கு மாறிக்கொண்டே போகிறது. "எப்படியாவது நடந்திடும்" என்ற நல்லெண்ணம்தான் இங்கே மற்றவர் காசில் சூதாடுகிறது.

இந்த வீரர்களில் சிலர் தங்கள் நாட்டில் தன்பாலீர்ப்பு குற்றமாக இருக்கும் இடங்களிலிருந்து, வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு அந்த ஒரு வாரம் வெறும் போட்டி இல்லை, மறுபடி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியதும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூட அந்த வாரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மியாமிக்குப் பிறகு உலக அவுட்கேம்ஸ் நடக்கவே இல்லை.

என்ன செய்திருக்கலாம்

மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது பெரிதாக உடைந்தால் யார் உடைத்தார் என்று கேட்பதற்கு முன், எது இதை உடைய விட்டது என்று எழுதி வைப்போம். அந்த வகையில் நாலு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஒன்று, பதிவுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது. போட்டி நடக்கும் வரை அதை அலுவலக வாடகைக்கும் சம்பளத்துக்கும் எடுக்கக் கூடாது. அந்தச் செலவை ஸ்பான்சர் பணத்தில் ஓட்ட முடியவில்லை என்றால், போட்டிக்கு உண்மையில் முதலீடே இல்லை என்று அர்த்தம்.

இரண்டு, முடிவெடுக்கும் தேதியை முதலிலேயே அறிவிப்பது. இந்தத் தேதிக்குள் இத்தனை பேர் பதியவில்லை என்றால் சிறிதாக்குவோம், அதற்குள்ளும் இல்லை என்றால் ரத்து செய்வோம் என்று. தேதி எழுதி வைத்திருந்தால் நம்பிக்கைக்கும் பிடிவாதத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும்.

மூன்று, கணக்கை எல்லோருக்கும் காட்டுவது. முடிந்த பிறகு தணிக்கை அறிக்கையாக இல்லை, நடக்கும்போதே. இத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், இத்தனை பேர் தேவை என்று மாதம் ஒரு முறை ரெண்டு எண்ணை வெளியிட்டால் போதும். டிக்கெட் போடுவதா வேண்டாமா என்பதை வீரரே முடிவு செய்துகொள்வார்.

நான்கு, நினைவு. ஒவ்வொரு முறையும் புது ஊர், புது நிறுவனம், முடிந்ததும் கலைப்பு. முந்தையவர் பட்ட பாடு அடுத்தவருக்குப் போய்ச் சேருவதற்கு வழியே இல்லை. கூட்டமைப்பு 2003இல் கணக்குப் புத்தகத்தைக் கேட்டது அதிகாரத் திமிர் மாதிரித் தெரிந்திருக்கலாம். திரும்பிப் பார்த்தால், அந்த நினைவைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள் அவர்கள்தான்.

கே கேம்ஸ் இன்னும் இருக்கிறது. 2018இல் பாரிஸில் பத்தாயிரம் பேர் வந்தார்கள். 2022இல் ஹாங்காங்கில் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், 2023 நவம்பரில் ஹாங்காங், மெக்சிகோவின் குவாதலஹாரா என்று இரண்டு ஊரில் பிரித்து நடந்தது. ஹாங்காங்குக்கு வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். பழைய வரைபடத்தில் அது பெரிய சரிவு. ஆனால் அந்த இரண்டாயிரம் பேரும் வந்தார்கள், ஓடினார்கள், ஊர் திரும்பினார்கள். ஆசியாவில் நடந்த முதல் கே கேம்ஸ் அது.

1982இல் கீசார் மைதானத்தில் இருந்தது 1,350 பேர். அன்றைக்கு அது சின்னக் கூட்டம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து விழாவை அளக்கிற பழக்கம் பிறகு வந்தது. வரேன்னு சொன்னவருக்கு மைதானம் இருந்ததா, கொடுத்தவருக்குக் காசு போய்ச் சேர்ந்ததா என்ற ரெண்டு கேள்வியை வைத்து அளந்தால், இந்த நாற்பது வருஷ வரலாற்றின் வெற்றி தோல்விப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். கிளீவ்லேண்ட் மேலே ஏறும், மாண்ட்ரியல் கீழே இறங்கும், மியாமி பட்டியலிலேயே இருக்காது.